மூன்றாம் வரியின் எட்டு

அன்பு மகன் லொபேதிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அப்பாவும் புதிதாகக் குட்டி போட்ட வெள்ளைப் பன்றியும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பேத்தி வாய்னியும் நியூசிலாந்தில், அந்த டனீடன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சளி இருந்தால் அதற்கு நான் கொடுத்துவிட்டு வந்த தேங்காயெண்ணெயை நீங்கள் மார்பில் தேய்க்காததுதான் காரணம், வேறு காரணம் தேட வேண்டாம். அப்பாவின் முழங்கால் தேவலை, ஆனால் தேவலை என்று தெரிந்தால் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று பயந்து என் எதிரில் மட்டும் நொண்டுகிறார். புயலில் பெயர்ந்த சமையல் கொட்டகைக் கூரையை உன் சித்தப்பா மகன்கள் வந்து போட்டுக் கொடுத்தார்கள், போட்டதைவிடத் தின்றதுதான் அதிகம், ஆனாலும் ஒழுகவில்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை கப்பலில் வந்து சேர்ந்தது. நம் ஹாபாய்த் தீவு வெயிலில் கம்பளிக் காலுறை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, அப்பா ஒன்றில் ரேடியோவைப் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார், இன்னொன்று காணோம்.

இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ "அது அப்படியில்லம்மா" என்று நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் புக முடியாது. அதனால்தான் கடிதம். நீ என்னிடம் ஒரே ஒரு பெயர் கேட்டிருக்கிறாய், கொடுப்பதா மறுப்பதா என்பதை இதில் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லாமல் சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

முதலில் என் மனத்தாங்கல், அது வெளியே வந்தால்தான் மற்றது வரும். போன ஜூலையில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நீதானே கேட்டாய், "அம்மா, எங்க லேபுக்கு ஒரு நாள் வாம்மா, தலையில ஒரு தொப்பி போட்டுக்கிட்டு பாட்டு கேக்கணும், அவ்ளோதான்" என்று. பெற்ற பிள்ளை கேட்கிறானே என்று வந்தேன். அங்கே உன் மாணவி ஹேரியட், நல்ல பெண், ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கிறாள், நீங்கள் அவளுக்குச் சாப்பாடு போடுகிறீர்களா இல்லையா, அவள் என் கொண்டையை அவிழ்க்கச் சொல்லித் தலை முழுக்கக் கஞ்சி மாதிரி ஒரு பசையை அப்பி, கம்பி கம்பியாகத் தொங்கும் தொப்பியை மாட்டினாள். மாட்டிக்கொண்டே "எத்தனை வருஷம் மியூசிக் படிச்சீங்க?" என்றாள். பிறந்ததிலிருந்து என்றேன். "யார்கிட்ட?" "யார்கிட்டயும் இல்ல." "ஒரு டீச்சர்கூட இல்லையா?" "ஒருத்தரும் சொல்லித் தரல, நானா கத்துக்கிட்டேன்." அவள் என்னைப் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பூஜ்யம் என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். அவ்வளவுதான், சபைப் பாட்டுக்குழுவில் தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோ வரிசைக்கு முன்னால் நின்று பாடிப் பாடிக் கிழவியான உன் அம்மா, இசையே தெரியாதவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பக்கத்தில் என்னோடு யார் இருந்தார்கள்? ஒரு பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டர். வெளியே காத்திருந்தபோது ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது, பல் டாக்டர் தொடையில் தட்டித் தாளம் போட்டார், பாட்டு ஒரு தெருவில் போயிற்று, அவர் இன்னொரு தெருவில் போனார். அவருக்கும் பூஜ்யம், எனக்கும் பூஜ்யம். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நான் உன்னோடு பேசவில்லை, ஊறுகாய் உறைப்பு என்று நீ நினைத்துக்கொண்டாய்.

பாட்டு ஓடும்போது அசையக்கூடாது என்றாள் ஹேரியட். நான் அசையவில்லை. "தொண்டை அசையுதே" என்றாள். எண் பாடுகிறேன் என்றேன். என்ன எண் என்று கேட்டாள். நாம் சுரத்துக்கெல்லாம் எண்தான் போடுவோம், அடிச்சுரம் மூன்று, அங்கிருந்து ஒன்பது வரை ஏறும், ஊரில் எந்தப் பாட்டானாலும் முதலில் எண்ணைப் பாடிவிட்டு அப்புறம்தான் வார்த்தை என்று சொன்னேன். "அப்ப ஒண்ணும் ரெண்டும் எங்க போச்சு?" என்றாள். "எங்களுக்குத் தேவைப்படல" என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் தொப்பியின் கம்பி ஒன்று கழன்றுவிட்டது, திரும்பவும் கஞ்சி. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உனக்கும் அப்படித்தானே. கப்பல் ஊதினால் எனக்கு ஏழு. அப்பாவின் குறட்டை மூன்று, மூன்று, நடுவில் ஒரு ஐந்து. சின்ன வயதில் பழகியது, காதில் விழுவதெல்லாம் எண்ணாக மாறித்தான் உள்ளே போகிறது, வேண்டாம் என்றாலும் நிற்காது.

போன மாதம் நீ விவரம் அனுப்பினாய். அதைப் பக்கத்து வீட்டு ஃபூசி படித்துக் காட்டினாள், நானும் ஒரு தடவை படித்தேன். வரவேண்டிய சுரக்கூட்டு வராமல் வேறொன்று வரும் இடத்தில் மூளை ஒரு துள்ளு துள்ளுகிறது, இசை பழகாதவர்களுக்குச் சின்னத் துள்ளல், பழகியவர்களுக்குப் பெரிய துள்ளல், கண்ணிமைக்கும் நேரம்கூட ஆவதில்லை, தப்பு என்று அவர்களே நினைப்பதற்கு முன்னால் மூளை நினைத்துவிடுகிறது, பழகியவர்களுக்குப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பக்கமும் கூடவே விழித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல விஷயம்தான். பாட்டுப் பயிற்சியில் ஒருத்தி தப்பாகப் பாடினால் நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் கழுத்து திரும்பிவிடும், அதைத் தொப்பி இல்லாமலே நான் உனக்குச் சொல்லியிருப்பேன். அந்தத் துள்ளலை வரைந்து பார்த்ததில் என்னுடைய கோடு பழகியவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட உயரமாகப் போயிருக்கிறது என்று நீ எழுதிய இடத்தை ஃபூசியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அப்புறம்தான் வந்தது வினை. ஆசிரியரே இல்லாதவர் இப்படித் துள்ளினால் கணக்கு கெடுகிறது, யாரிடமாவது படித்ததாகப் பெயர் சொன்னால் பழகியவர்கள் பக்கம் மாற்றலாம், இல்லையென்றால் ஆளையே எடுத்துவிட வேண்டும் என்று உன் பேராசிரியர் சொல்கிறாராம். அதற்கு நீ, என் வயிற்றில் பிறந்தவன், கேட்கிறாய், "செஃபானாயா மாமா பேர போட்டுடவாம்மா?" என்று.

செஃபானாயா! நம் சபைப் பாட்டுக்குழுவை அன்றிலிருந்து இன்றுவரை கைவீசி நடத்துகிற அந்த மனிதர் எனக்கு என்ன செய்தார் என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும், முழுதாகத் தெரிந்துகொள். என் அப்பா இந்தச் சபையோடு சண்டை போட்டுக்கொண்டு அடுத்த சபைக்குப் போனார், அப்போது நான் சின்னப் பெண். அங்கே பாட்டு உண்டு, எண் வகுப்பு கிடையாது. எனக்கு எண் படிக்க ஆசை. தலை வாரி, நல்ல பாவாடை கட்டிக்கொண்டு இந்தச் சபைக் கூடத்தின் வாசலில் போய் நின்றேன். செஃபானாயா அப்போதுதான் படித்துவிட்டுத் தலைநகரிலிருந்து வந்த புதுசு, மிடுக்கு தாங்காது. "உங்கப்பா அந்தச் சபையிலதான பாடுறாரு? அங்க போய்க் கத்துக்க, பிள்ளை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்தட்டும். கூடத்தின் பக்கச் சுவர் எங்கள் கொல்லையைப் பார்த்து இருந்தது. ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பாய்க்குத் தாழையோலை கீறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். ஜன்னலோரம் ஆல்ட்டோ பெண்கள் உட்காருவார்கள், அதனால்தான் நான் ஆல்ட்டோ, வேறு காரணம் இல்லை. அவர் எண் சொல்வார், அவர்கள் பாடுவார்கள், நான் உதட்டுக்குள் பாடுவேன். கல்யாணம் ஆகும் வரைக்கும் அப்படித்தான். கரும்பலகையில் அந்த எண்களை எப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்தது கிடையாது, காதால் படித்ததுதான் எல்லாம்.

உன் அப்பா இந்தச் சபைக்காரர், கட்டிக்கொண்டு வந்ததும் நான் பாட்டுக்குழுவில் சேர்ந்தேன். முதல் பயிற்சியில் பலகையைப் பார்க்காமலே முழு ஆல்ட்டோவையும் எண்ணில் பாடினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் செஃபானாயா. "யாருமில்ல" என்றேன். "அப்ப பின்வரிசைக்குப் போ" என்றார். போனேன். பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு நானாக வந்தேன், யாரும் கைபிடித்துக் கூட்டிவரவில்லை. இந்த மனிதரை ஆசிரியர் என்று எழுதச் சொல்கிறாய்.

இதோடு மாநாட்டுச் சங்கதியும் இருக்கிறது. நீ அப்போது அவருடைய வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய், ஞாபகம் இருக்கலாம். தலைநகர் நுக்குவலோஃபாவில் நடந்த சபை மாநாட்டில் எல்லாத் தீவுப் பாட்டுக்குழுக்களையும் ஒன்றாக நிறுத்தி, சபையில் எப்போதும் பாடும் அந்த மாலைப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். மூன்றாம் வரி முடியும் இடம் வந்தது, மற்ற தீவு ஆல்ட்டோக்கள் எல்லோரும் மூன்று பாடினார்கள், எங்கள் ஊர் ஆல்ட்டோக்கள் எட்டு பாடினோம். முழுக் கூட்டமும் முகத்தைச் சுளித்தது. போதகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கப்பலேறுவதற்கு முன்னால் துறையிலேயே, எல்லோர் முன்னாலும், செஃபானாயா என்னைப் பார்த்து, "பிசிலாவால வந்த வினை, படிக்காத பொம்பளைய முன்னால நிக்க வெச்சா இப்படித்தான்" என்றார். நான் அவர் வாயிலிருந்து கேட்டதைத்தான் பாடினேன். அவர் எட்டு என்று சொன்னார், ஜன்னல் வழியாக எட்டு வந்தது, எட்டு பாடினேன். ஊர் முழுக்க இன்றைக்கும் அந்த இடத்தில் எட்டுதான். மற்றத் தீவுக்காரர்களுக்குத்தான் பாடத் தெரியவில்லை என்று நான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டு வந்தேன், சொன்னதை மாற்றிக்கொண்டதில்லை.

உன் செய்தி வந்ததும் அப்பா சும்மா இருப்பாரா. ஆண்களோடு காவா வேர்ச்சாறு குடிக்கப் போன இடத்தில் "என் பொண்டாட்டி மூளையை நியூசிலாந்துல படம் பிடிச்சிருக்காங்க, ரொம்ப உசரமாம்" என்று ஆரம்பித்துவிட்டார். ரெண்டு நாளில் ஊர் முழுக்க என் ஆசிரியர்கள் முளைத்துவிட்டார்கள். கடைக்காரர் சிறு வயதில் எனக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தாராம். ஃபூசியின் மாமியார் எனக்கு முதல் தாலாட்டே தான்தான் பாடியதாக ஃபூசியிடம் சொல்லி அனுப்பினாள், அவள் என்னைவிட ரெண்டு வயது சின்னவள். உச்சமாக, செஃபானாயா காவா வட்டத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு "அவ யாரு, என் மாணவிதான" என்கிறாராம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கிழங்கு முழுக்கக் கருகிவிட்டது. என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு, பூஜ்யமாகவே போகிறேன் என்று உனக்குச் சொல்லிவிடத்தான் போனை எடுத்தேன்.

அதற்குள் நீயே கூப்பிட்டாய். இன்னொரு விஷயம் சொன்னாய். எல்லாம் சரியாக வாசித்த ஒரு பாட்டில், தப்பே இல்லாத ஒரு இடத்தில், என் மூளை எல்லாவற்றையும்விட உயரமாகத் துள்ளியிருக்கிறது, பேராசிரியர் கம்பி கழன்றிருக்கும் என்றார், ஹேரியட் தான் சரியாகத்தான் மாட்டியதாக அழாக்குறையாகச் சொன்னாள், அப்புறம் நீ அந்தத் தொப்பியை உன் தலையில் மாட்டிக் கேட்டாய், அதே இடத்தில் உனக்கும் துள்ளியது என்று. எந்தப் பாட்டு என்று கேட்டேன். நீ போனிலேயே பாடினாய். நம்முடைய மாலைப் பாட்டு, மூன்றாம் வரிக் கடைசி, மூன்று. "தப்பாப் பாடாதடா" என்று கத்தினேன். "இல்லம்மா, உலகமே இதை இப்படித்தாம்மா பாடுது. அச்சுப் புத்தகத்துல மூணுதான் இருக்கு. செஃபானாயா மாமா பலகையில எழுதும்போது மூணை எட்டாக்கிட்டாரு போல" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன், சிக்னல் போகவில்லை, நானேதான் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கொல்லையில் உட்கார்ந்தேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்கிறேன். அந்த மனிதர் நான் அவருடைய மாணவி என்கிறார். மாணவி என்றால் அந்த எட்டு யாருடையது? இத்தனை காலமும் பிசிலாவின் எட்டு, படிக்காதவளின் எட்டு என்றாரே. ரெண்டில் ஒன்றைத்தான் அவர் வைத்துக்கொள்ள முடியும். நல்ல பாவாடையை எடுத்துக் கட்டினேன், கூடத்துக்குப் போகும் மரியாதைக்கு இடுப்பில் பாயைச் சுற்றினேன், கூடத்துக்குப் போனேன். புதன்கிழமை, பயிற்சிக்கு முன்னால் ஆண்கள் ஓரமாக வட்டம் போட்டுக் காவா குடித்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவும் இருந்தார், என்னைப் பார்த்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். காவா வட்டத்துக்குள் பெண்கள் போய் நிற்பதில்லை என்று எனக்குத் தெரியும், நான் போகவில்லை, வாசலில்தான் நின்றேன், என் குரல் மட்டும் உள்ளே போயிற்று. "செஃபானாயா அண்ணே, நான் உங்க மாணவின்னு சொல்றீங்களாமே?" என்றேன். "பின்ன இல்லையா பிள்ளை" என்றார், பேரப்பிள்ளை எடுத்த எனக்கு இன்னும் பிள்ளைதான். "அப்ப அந்த மூணாவது வரி எட்டும் உங்களதுதான?" என்று கேட்டேன். நீ சொன்னதையெல்லாம் சொன்னேன், உலகம் மூன்று பாடுவது, உனக்கும் எனக்கும் ஒரே இடத்தில் துள்ளியது, எல்லாம். "நான் மாணவின்னா எட்டு உங்க தப்பு. எட்டு என் தப்புன்னா நான் மாணவி இல்ல. எது வேணும்னு நீங்களே எடுத்துக்குங்க, நான் பையனுக்கு எழுதிடறேன்."

கடைக்காரர் சிரட்டையைப் பாதி வாயில் வைத்தபடி நிறுத்திவிட்டார். செஃபானாயா தன் முறை வரும் வரை காத்திருந்தார், சிரட்டை வந்தது, முறைப்படி கை தட்டினார், முழுவதையும் குடித்தார், வாயைத் துடைத்தார். அப்புறம் சொன்னார், "எட்டு என்னுதுதான். மாநாட்டுலேர்ந்து வந்த அன்னிக்கே புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். மூணுதான் இருந்துச்சு. சொல்ல வாய் வரல." அப்பா "அடப்பாவி" என்றார், கொஞ்சம் உரக்கவே. செஃபானாயா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் பார்த்து, "தப்பு என்னுது. அப்ப மாணவியும் என்னுது. எழுதிப் போடு" என்றார். அங்கே எழுந்த சிரிப்பில் கூரையிலிருந்த பல்லி விழுந்திருக்கும். நான் அவரை வாயடைக்க வந்தவள், எனக்கே வாய் அடைத்துவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டாவது என்னை மாணவியாக்கிக்கொள்வார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அதோடு விட்டாரா. "நீ ஜன்னலுக்குக் கீழ உக்காந்திருந்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மழை வந்தாக்கூட அந்த ஜன்னல நான் சாத்தலையே, அது யாருக்காக?" என்றார். பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் வரிசையில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை. "அந்த ஜன்னல் கீல் உடைஞ்சு கெடந்துச்சு, சாத்த முடியாது. கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரர் கெப்புவேலிதான் அதைச் சரி பண்ணாரு, வேணும்னா கேளுங்க" என்றேன். அப்பா தலையாட்டினார். செஃபானாயா "கீல் உடைஞ்சது உண்மை, சாத்த மனசில்லாததும் உண்மை" என்று முனகினார். அதை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கீல் உடைந்தது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்றைக்கே அவர் கரும்பலகையில் அந்த எட்டை அழித்து, எல்லோரும் பார்க்கப் பெரிய மூன்று போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் புத்தகத்தில் உள்ளபடி பாடுவோம் என்றார். சரி என்றோம். பயிற்சி ஆரம்பித்தது, எண்ணில் பாடினோம், மூன்றாம் வரிக் கடைசி வந்தது, பலகையில் மூன்று, ஆல்ட்டோக்கள் எல்லோரும் எட்டு. நிறுத்தினார். திரும்பப் பாடினோம், எட்டு. மெதுவாகப் பாடச் சொன்னார், மெதுவாக எட்டு. தனித்தனியாகப் பாடச் சொன்னார், அப்போது மூன்று வந்தது, சேர்ந்து பாடியதும் ஆண்குரல் கீழே வந்து நின்ற இடத்தில் எங்கள் தொண்டை தானாக எட்டுக்குப் போய்விட்டது. புதுசாகச் சேர்ந்த பெண்கள்கூட எட்டுதான், அவர்கள் குழந்தையிலிருந்து இதைத்தானே கேட்டு வளர்ந்தார்கள். ஃபூசி "என் வாய் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று பாடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான், உனக்குத் தெரியும். பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணில் மூன்று, மனதில் மூன்று, வாயில் எட்டு வந்தது. ஒருத்தி பாக்கி இல்லாமல் எட்டு. செஃபானாயா கையை வீசியபடியே தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பார்த்தேன், சிரிக்கிறார். போதகருக்கு ஒன்றும் தெரியாது, பாட்டு இன்றைக்கு விசேஷமாக இருந்தது என்று பிரசங்கத்துக்கு நடுவில் சொன்னார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். என் மூளையில் ஒரு எட்டு உட்கார்ந்திருக்கிறது. நான் முழு மனதோடு போ என்று சொல்லியும் அது போகவில்லை. அதை உள்ளே வைத்தவர் யார் என்று கேட்டால் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் ஆசிரியர் பெயர் செஃபானாயா என்று எழுது. எத்தனை வருஷம் என்றால் என் கல்யாணம் வரைக்கும் என்று போடு. ஆனால் அதோடு கதவு சாத்தியிருந்தது என்பதையும் போடு, அதைப் போடாமல் பெயரை மட்டும் போட்டால் நான் டனீடனுக்குக் கப்பலேறி வந்து அழிப்பேன். அதற்கு இடமில்லை என்று உன் பேராசிரியர் சொன்னால், யாரிடம் படித்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, எதை மறக்க முடியவில்லை என்று எல்லோரையும் கேட்கச் சொல். அந்தப் பல் டாக்டரிடமும் கேட்கட்டும், அவருக்கும் ஏதாவது இருக்கும். செஃபானாயா எனக்கு எப்போது நன்றி சொல்லப் போகிறாய் என்று நேற்றுக் கேட்டார். நான் ஜன்னலுக்குக் கீழே எத்தனை காலம் காத்திருந்தேனோ அத்தனை காலம் அவரும் காத்திருக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை. அந்த எட்டு தப்பு என்று இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். மூன்று பாடினால் அந்த வரி முடிந்துபோகிறது, எட்டு பாடினால் இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல் நிற்கிறது, மாலைப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம். நீ கேட்டுப் பார்.

வேறு என்ன. வெள்ளைப் பன்றியின் குட்டிகளில் ஒன்றை உன் பெயருக்கு விட்டிருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு வந்தால் உமுக் குழியடுப்பில் வேகும், வராவிட்டால் உன் சித்தப்பா மகன்கள் கூரை போட்ட கூலி என்று தூக்கிக்கொண்டு போவார்கள். மருமகளிடம் நான் முடைந்து கொடுத்த பாயை வெயிலில் காயப்போடச் சொல், அந்த ஊரில் வெயில் எப்போது வருமோ அப்போது. ஹேரியட்டை வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறாரச் சாப்பாடு போடு, அவள் கம்பியைச் சரியாகத்தான் மாட்டியிருந்தாள் என்று நான் சொன்னதாகப் பேராசிரியரிடம் சொல். வேலை வேலை என்று நேரம் தவறிச் சாப்பிடாதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் லேபில் உட்காராதே, உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காற்றிலும் குளிரிலும் காப்பாராக, உன் கைவேலை சிறக்கட்டும், வாய்னி உன்னைவிட நல்ல குரலோடு வளரட்டும். அவளுக்குப் பியானோ வகுப்பு வைத்திருப்பதாக மருமகள் சொன்னாள், நல்லது, ஆனால் அந்த மாலைப் பாட்டை அவள் அங்கே படிப்பதற்கு முன்னால் நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டோடு பாடிக் காட்டு. மூன்றோடு அவளுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். எட்டோடு சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் நீ ஒருவன்தான் இருக்கிறாய், மறந்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
பிசிலா
(அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார், காலுறை இன்னொன்று கிடைத்த பிறகு போடுவாராம்.)